கடைசி வாங்கில் ஒரு கை

அத்தியாயம் பதினேழு

"ஹெதருக்கு நீங்கள் அளவுக்கு மீறிச் செல்லம் கொடுக்கிறீர்கள்" என்று ஏறாவூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். உண்மைதான். இத்தனை வாரமாக அவளோடு பழகிவிட்டேன், என்ன செய்ய? ஆனால் இந்த வாரம் செல்லம் கிடையாது. இந்த வாரம் அவள் தலைகுனியப் போகிறாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கப் போகிறேன்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஹெதர் மட்டக்களப்பு டவுனில் ஒரு தொழிற்கல்லூரிப் போதனாசிரியை. ஹொட்டேல் வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறாள். போர்த்துக்கேய, டச்சு வழிவந்த பறங்கிக் குடும்பம். கடலோர டச்பாரில் இருந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோன பிறகு, திராய்மடுவில் கிடைத்த வீட்டில் கணவன் மல்கமோடும் மகள் டெனீசோடும் இருக்கிறாள். டெனீசுக்கும் அதே கல்லூரியில்தான் வேலை, கணினிப் பிரிவில்.

சண்டை முடிந்த இரண்டாம் வருடம் மேலிடத்திலிருந்து ஒரு கட்டளை வந்தது. போதனாசிரியர்கள் எல்லாரும் தொழில்வாண்மை விருத்திப் பயிற்சி எடுக்க வேண்டும். இனிப் பாதிப் பாடம் வகுப்பறையில், பாதிப் பாடம் இணையத்தில். இணையத்தில் கேள்வியைப் போட்டால் பிள்ளைகள் பதில் எழுதுவார்கள், ஒவ்வொரு பதிலுக்கும் ஆசிரியர் மறுமொழி எழுத வேண்டும்.

காலமெல்லாம் சோக்கட்டியோடு வாழ்ந்த ஹெதருக்குக் கொம்பியூட்டர் என்றாலே பயம். "நீ எழுது மகள், என்ட பேரில போடு" என்று அந்தப் பாதியை டெனீசின் தலையில் கட்டிவிட்டாள். ஆக, வகுப்பில் ஹெதர், இணையத்தில் ஹெதரின் பெயரில் டெனீஸ். இது அந்த வீட்டு மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

போன வாரம் பாசிக்குடாவில் புதிதாகத் திறக்கப்போகும் ஹொட்டேலின் மனேஜர், வரவேற்பு மேசை வேலைக்கு நல்ல பிள்ளைகளின் பெயர் சொல்லுங்கள் என்று தொலைபேசியில் கேட்டார் அல்லவா? ஹெதர் சொன்னாள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கண்ணகையின் பெயரை மட்டும் சொல்லவில்லை. கோபமில்லை, இரக்கம்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டைக்குத் தப்பி ஊர் ஊராய் ஓடி ஓடிப் படித்த பிள்ளை, வெள்ளைக்காரர் முன்னால் தடுமாறும் என்று நினைத்தாள். வகுப்பில் மிச்சமிருக்கும் பிள்ளையைப் பற்றி மனேஜர் கேட்டபோதும், "அந்தப் புள்ள பாவம், விடுங்க" என்றே சொன்னாள்.

நேர்முகத் தேர்வு நாளைக் காலை. பயிற்சியின் கடைசி நாள் இன்று.

*

திராய்மடு வீட்டில் காலையிலேயே ஒரே அமளி. ஹெதர் நீலச் சேலையை இரண்டாம் தடவையாக அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவளுடைய வகுப்பை எடுத்த வீடியோவை மண்டபத்தில் எல்லாப் போதனாசிரியர்களுக்கும் போட்டுக் காட்டுவார்கள்.

"படத்தில இரிக்கிறது போன கிழமைச் சேலை. இண்டைக்கு எதைக் கட்டினா என்ன?" என்றான் மல்கம், ஸ்கூட்டரைத் துடைத்தபடி.

"படத்தப் பாத்திட்டு எல்லாரும் என்னத்தானே கிறுகிப் பாப்பாங்க!"

"ஓமோம், ஸ்டார்தான்."

டெனீஸ் சிரிக்கவில்லை. பாணைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாளே தவிர வாயில் வைக்கவில்லை. அவள்தான் அந்த வீடியோவை எடுத்தவள். பயிற்சிக்கு வந்த வினாயகமூர்த்தி சேர் இரண்டு கமரா வைக்கச் சொல்லியிருந்தார். ஒன்று வகுப்பின் பின்னால், ஆசிரியரைப் பார்த்தபடி. மற்றது கரும்பலகைக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்தபடி. இரண்டையும் சேர்த்து ஒரே படமாக்குவது டெனீசின் வேலை.

இரண்டாவது கமராவில் பதிந்திருந்ததை நேற்றுப் பின்னேரம் கொம்பியூட்டர் லெப்பில் தனியாக இருந்து பார்த்தாள். பார்த்த பிறகு அதை அப்படியே வெட்டி நீக்கிவிட்டாள். இப்போது படத்தில் இருப்பது அம்மா மட்டும்தான்.

"மம்மி... நான் வீடியோவைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறன்."

"ஏன்?"

"நீளம் கூட."

"என்ட முகம் வடிவா விழுந்திரிக்கா?"

"ம்."

"அப்ப சரி."

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் டெனீஸ் உண்மையைச் சொல்லியிருந்தால் ஹெதர் இரண்டு கத்துக் கத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே அழுது முடித்திருப்பாள். ஆனால் அம்மாவின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. கெடுக்கப் பயமும்கூட. டெனீஸ் எழுந்து போய்க் கையைக் கழுவினாள்.

*

மண்டபத்தில் மின்விசிறிகள் கடகடவென்று சுற்றின. போதனாசிரியர்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டெனீஸ் கொம்பியூட்டரோடு ஓரத்து மேசையில் இருந்தாள்.

வினாயகமூர்த்தி சேர் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறவர். குரலை உயர்த்த மாட்டார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு: யாருடைய வீடியோவோ அவர்தான் முதலில் பேச வேண்டும், தன் வகுப்பில் தான் கண்டதை. அதுவரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பாராட்டுக்கும் அதே சட்டம்தான்.

திரையில் ஹெதர் வந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் படிப்பித்தாள். வந்த விருந்தாளி, அறையில் மின்விசிறி சுற்றவில்லை என்று கோபப்படுகிறார், என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். விருந்தாளியைப் போலவே இடுப்பில் கையை வைத்து முறைத்தும் காட்டினாள். மண்டபம் சிரித்தது. ஹெதர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

படம் முடிந்ததும் வினாயகமூர்த்தி டெனீசைப் பார்த்தார்.

"மற்றக் கமராவில எடுத்தது எங்க?"

"அது... அவ்வளவு தெளிவில்ல, சேர்."

"பரவாயில்ல. புள்ளைகளின்ர முகத்தையும் பாத்தாத்தானே வகுப்பு."

டெனீஸ் அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். ஹெதருக்கு அது விளங்கினால்தானே! மகள் வேலையில் ஏதோ பிழை விட்டுவிட்டாள், அதை மறைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டாள்.

"முழுசையும் போடு, மகள்" என்றாள் எல்லாரும் கேட்க. "என்ட வகுப்பில ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்ல."

டெனீஸ் போட்டாள்.

திரையில் இப்போது பிள்ளைகள். முன் வரிசை வாங்குகளில் டவுன் பிள்ளைகள், காத்தான்குடிப் பிள்ளைகள். கடைசி வாங்கில், சுவரோரமாக, கண்ணகை. ஹெதரின் குரல் மட்டும் படத்துக்கு வெளியிலிருந்து கேட்டது: என்ன சொல்வீர்கள்?

கண்ணகையின் கை எழுந்தது.

ஹெதரின் குரல் முன்வாங்கில் ஒருத்தியைக் கூப்பிட்டது. கை இறங்கியது.

அடுத்த கேள்வி. கை மறுபடியும் எழுந்தது, இந்தத் தடவை தோள் வரைக்கும்தான். ஹெதர் வேறொருவனைக் கூப்பிட்டாள். கண்ணகை அந்தக் கையாலேயே காதோரத்து முடியை ஒதுக்கினாள், அதற்காகவே தூக்கியது போல.

வகுப்பு முழுவதும் இப்படித்தான். ஒரு கட்டத்தில் ஹெதர் வாங்குகளுக்கிடையில் நடந்து வந்தாள். கடைசி வாங்குக்கு ஒரு வாங்கு முன்னாலேயே திரும்பிப் போனாள். கண்ணகை விரித்துத் தயாராக வைத்திருந்த கொப்பியை மெதுவாக மூடினாள்.

சட்டப்படி ஹெதர்தான் பேச வேண்டும். எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஹெதருக்கு முகம் கொதித்தது. யாரோ தன் சேலையைப் பிடித்து இழுத்துவிட்டது போல இருந்தது.

"அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் கூச்சம், சேர்" என்றாள். குரல் தனக்கே பிடிக்கவில்லை. "எல்லாருக்கும் முன்னால கேட்டு வெக்கப்படுத்தக் கூடாதெண்டு... நான்தான் விட்டிருக்கிறன்."

கை தூக்குகிற பிள்ளைக்கு என்ன கூச்சம்? யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

வினாயகமூர்த்தி கண்டிக்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"மிஸ், உங்கட இணைய வகுப்பையும் பாத்தன். அதில ஆகக் கூட எழுதியிரிக்கிறது இந்தக் கண்ணகைதான். நீங்களும் ஒவ்வொண்டுக்கும் எவ்வளவு அன்பா மறுமொழி எழுதியிரிக்கிறீங்க! எனக்கு ஒண்டுதான் விளங்கல்ல. அங்க அந்தப் புள்ளையோட அவ்வளவு கதைக்கிற நீங்க, இஞ்ச ஏன் முகத்தையே பாக்கல்ல?"

ஹெதர் மகளைப் பார்த்தாள். டெனீஸ் நிலத்தைப் பார்த்தாள்.

'அது நான் எழுதியதில்லை' என்று சொல்லலாம். சொன்னால் டெனீசின் வேலை போகலாம். சொல்லாவிட்டால், தெரிந்துகொண்டே ஒரு பிள்ளையை ஒதுக்கியவள் என்ற பேர். மகளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பாதிதான் மகளுக்காக. மீதிப் பாதி, கொம்பியூட்டர் தெரியாது என்று சபையில் ஒப்புக்கொள்ள விடாத அவளுடைய மானத்துக்காக.

"தெரியா, சேர்" என்றாள் ஹெதர். உட்கார்ந்துவிட்டாள்.

*

கூட்டம் கலைந்ததும் லெப்புக்குள் மகளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"எதை, மம்மி?"

"அந்தப் புள்ள அவ்வளவு எழுதுறாளெண்டு!"

"சொன்னன். தைப்பொங்கலுக்கு முதலே சொன்னன். 'கண்ணகை நல்லாச் செய்றாள் மம்மி' எண்டன். 'யாரும் பாத்து எழுதிக் குடுத்திருப்பாங்க' எண்டிட்டு நீங்க மீன் வெட்டப் போயிட்டீங்க."

ஹெதருக்கு ஞாபகம் வந்தது. மீன்கூட ஞாபகம் வந்தது.

டெனீஸ் கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினாள். மின்விசிறி சுற்றாத அறைக் கேள்விக்குக் கண்ணகை எழுதியிருந்த பதில் அதில் இருந்தது. மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தார்கள். கண்ணகை முதலில் விருந்தாளியைக் காற்றாட வெளி விறாந்தையில் உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, 'உங்களை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட மாட்டேன், எலக்ட்ரீசியனோடு நானே திரும்பி வருவேன்' என்று சொல்வதாக எழுதியிருந்தாள். இரண்டு இடத்தில் இலக்கணம் பிழை. இருந்தாலும் என்ன?

ஹெதர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"பாசிக்குடாவுக்கு இவட பேரைக் குடுத்தீங்கதானே?" என்றாள் டெனீஸ்.

ஹெதர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"மம்மி!"

"பாவம், தடுமாறுவாளெண்டு..."

'பாவம்' என்ற அந்தச் சொல் வாயை விட்டு வந்ததும் ஹெதருக்கு அதைத் தானே கேட்ட நாள் ஞாபகம் வந்தது. கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

சுனாமிக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாகக் கிடந்த நாட்கள். காணாமல் போனவர்களைப் பதிய ஒரு பெண் வந்தாள். ஒவ்வொருவரிடமும் குனிந்து விசாரித்தாள். ஹெதரின் தங்கை மேவிசைக் கடல் கொண்டுபோயிருந்தது. பதிய வந்தவள் ஹெதருக்கு முன்னால் வந்ததும் பக்கத்திலிருந்த யாரோ, "அவவிட்ட ஒண்டும் கேக்காதீங்க, பாவம்" என்றார்கள். அவளும் தாண்டிப் போய்விட்டாள். மேவிஸ் போட்டிருந்த மஞ்சள் கவுனைச் சொல்ல ஹெதருக்கு வாய் துடித்தது. காதில் இருந்த தோட்டைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கேட்க ஆளில்லை. அன்றைக்கு அந்தச் சொல்லை எவ்வளவு வெறுத்தாள்! இத்தனை மாதமாக அதையே ஒரு பிள்ளையின் தலையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அன்பு என்று நினைத்துக்கொண்டு.

வெட்கமாக இருந்தது. மண்டபத்தில் வந்த வெட்கம் வேறு, அது மற்றவர்கள் பார்த்துவிட்டார்களே என்ற வெட்கம். இது அப்படியல்ல. இங்கே மகளைத் தவிர யாரும் இல்லை, ஆனாலும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"போனைத் தா" என்றாள்.

மனேஜர் முதலில் இழுத்தார். நாளைக்கு வரும் ஆட்கள் முடிவாகிவிட்டார்கள் என்றார். ஹெதர் கெஞ்சினாள். இருபது வயதுப் பிள்ளைக்கு வேலை கேட்பதற்காக அவள் வாழ்நாளில் யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. "பிழை என்னில, சேர். அந்தப் புள்ளைய நான் சரியாப் பாக்கல்ல" என்று சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் சற்று இளகியது. தேர்வு தொடங்க முதல் வந்து நின்றால் பார்க்கலாம் என்றார். அதற்கு மேல் உறுதி சொல்லவில்லை.

கண்ணகையிடம் தொலைபேசி இல்லை. வகுப்பு முடிந்து அவள் பஸ் ஏறியும் விட்டாள்.

"துறையில பிடிக்கலாம்" என்றாள் டெனீஸ், ஸ்கூட்டர் சாவியை எடுத்தபடி.

*

மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கப் பாலம் கிடையாது. 'பாதை' என்று ஊரார் சொல்லும் தட்டையான மிதவைதான் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகும். தாயும் மகளும் போய்ச் சேர்ந்தபோது பாதை புறப்பட ஆயத்தமாக நின்றது. கண்ணகை அதன் மறுகோடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானும் வரட்டா?" என்றாள் டெனீஸ்.

"வேணாம். இது என்ட வேலை."

நீலச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹெதர் ஏறினாள். டெனீஸ் கரையில் ஸ்கூட்டரோடு நின்றுவிட்டாள்.

கண்ணகைக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

"மிஸ்! எங்க இந்தப் பக்கம்?"

"உன்னைத் தேடித்தான், மகள்."

பாசிக்குடா விஷயத்தைச் சொன்னாள். நாளைக் காலை டவுன் பஸ் நிலையத்துக்கு வந்துவிடு, நான் கூட்டிப் போகிறேன் என்றாள். கண்ணகையின் முகம் மலர்ந்ததைப் பார்க்கையில் ஹெதருக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

"எனக்குத் தெரியும், மிஸ்" என்றாள் கண்ணகை. "நீங்க எனக்கு ஏதும் செய்வீங்கெண்டு எனக்கு முதலே தெரியும்."

"எப்பிடி?"

"கொம்பியூட்டரில நீங்க எழுதுறதுதானே! போன மாசம் எழுதினீங்களே, 'இவ்வளவு நல்லாச் சொல்லத் தெரிஞ்ச நீ வகுப்பிலயும் சொல்ல வேணும், கையைத் தூக்கு' எண்டு. அதுக்குப் பிறகுதான் நான் கை தூக்கத் தொடங்கினன்."

ஹெதர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கேக்கல்லத்தான்" என்று கண்ணகை தொடர்ந்தாள், சமாதானம் சொல்லும் குரலில். "அம்மாவும் கேட்டவ, 'எழுத்தில இவ்வளவு கதைக்கிற மிஸ் நேரில ஏன் கதைக்கிறால்ல' எண்டு. நான்தான் சொன்னன், 'மத்தப் புள்ளைகளுக்குப் பொறாமை வருமெண்டு மிஸ் காட்டிக்கொள்றால்ல, மனசுக்குள்ள என்னத்தான் வெச்சிரிக்கிறா' எண்டு. சரிதானே, மிஸ்?"

ஓம் என்று சொன்னால் முடிந்தது. கண்ணகை சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள், நாளைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேர்முகத் தேர்வில் உட்காருவாள். ஹெதருக்கு நல்ல பேரும் நிலைக்கும். இந்த இடத்தில் பொய் சொல்வதில் என்ன பிழை என்று உங்களில் பாதிப் பேர் கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். ஆனால் ஹெதரால் முடியவில்லை. காலையிலிருந்து பட்டதெல்லாம் போதும் என்று இருந்தது அவளுக்கு.

"அத எழுதினது நான் இல்ல, மகள்."

கண்ணகை விளங்காமல் பார்த்தாள்.

"எனக்குக் கொம்பியூட்டர் தெரியா. என்ட பேரில என்ட மகள் டெனீஸ்தான் எழுதினவள். நீ எழுதினதை நான் இண்டைக்குத்தான் முதல் முதல் வாசிச்சன். நீ கை தூக்கினதை இண்டைக்குத்தான் வீடியோவில கண்டன். ஹொட்டேலுக்கு உன்ட பேரையும் போன கிழமை நான் குடுக்கல்ல."

கண்ணகை கரையைத் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி டெனீஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நெடுநேரம் அவளையே பார்த்தாள் கண்ணகை. சிரிப்பு எப்போது போனதென்று தெரியவில்லை.

"அப்ப நீங்க என்னைப் பத்தி ஒண்டும் நினைக்கல்லயா, மிஸ்?"

"நினைச்சன்" என்றாள் ஹெதர். "உன்னால ஏலாதெண்டு நினைச்சன்."

பாதை படுவான்கரையில் போய் முட்டியது. மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு இறங்கின. கண்ணகை பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு வருவாய்தானே, மகள்? முதல் பஸ்ஸுக்கே நான் வந்து நிப்பன்."

"யோசிக்க வேணும், மிஸ்."

மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு இறங்கி, கொக்கட்டிச்சோலை றோட்டில் நடந்தாள்.

ஹெதர் பாதையின் ஓரத்துக்கு வந்து கையைத் தூக்கினாள். கண்ணகை திரும்பிப் பார்ப்பாள் என்று தூக்கியபடியே நின்றாள். வளைவு வரைக்கும் அவள் திரும்பவில்லை. ஏறிக்கொண்டிருந்த சனங்கள் ஒரு மாதிரிப் பார்க்கவே, ஹெதர் அந்தக் கையாலேயே காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள்.